வருடத்தில் ஒரு நாள் கடல்: அறுகம்பைக்குப் போகும் மலையகத்தாரும் உயிர்காப்பு சேவையும்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துச் சனத்துக்குக் கடல் என்பது வருடத்தில் ஒரு நாள். சிலருக்கு ஆயுளில் ஒரு நாள். தீபாவளி கழிந்தோ, டிசம்பர் விடுமுறையிலோ, சீட்டுக் காசில் பஸ் பேசிக்கொண்டு கிளம்புவோம். பதுளையில் இருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவை, லாகுகலை, பொத்துவில் என்று மலை இறங்கி, காடு கடந்து, வெயில் ஏறும்போது அறுகம்பையில் நிற்போம். உல்லை என்று அந்த ஊரார் சொல்லும் அதே இடம். பஸ் நின்றதும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பயணங்களுக்குப் பல வருடமாகப் பஸ் பேசிக்கொடுக்கிறவன் என்ற வகையில், அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூடுதலாக வரும்.

அந்த ஓட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள், எந்த மாதத்தில் நிற்கிறார்கள், ஆள் இல்லாத நேரத்தில் நாம் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையகத்தாருக்கு மட்டுமான விஷயம் இல்லை இது. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் உறவுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். கடலோரத்திலேயே பிறந்தும், உயர் பாதுகாப்பு வலயம், மீன்பிடித் தடை, இடப்பெயர்வு என்று கடலில் இறங்காமலேயே வளர்ந்த பிள்ளைகள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அறுகம்பை உலகம் அறிந்த அலைச்சறுக்குக் கடற்கரை. ஏப்ரல், மே மாதத்தில் தொடங்கி ஒக்டோபர் வரை அங்கே சீசன். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு இந்து சமுத்திரத்தில் எழும் நீண்ட அலைகள் வந்து, நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கமிருந்து மறுபக்கமாக ஒழுங்காக உடையும். அலைச்சறுக்குக்காரருக்கு வேண்டியது அந்த ஒழுங்குதான். மெயின் பொயின்ட், விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட், பீநட் பாம் என்று ஒவ்வொரு முனைக்கும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகை பிடிப்பவனுக்கு நல்ல அலை என்பது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் போகிறவனுக்கு நல்ல அலை அல்ல. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கடற்கரை பெயர்பெற்றது என்றால் குளிக்கவும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

இலங்கையில் கடற்கரை உயிர்காப்பு ஒரே கையில் இல்லை. பொலிஸ் திணைக்களத்தின் உயிர்காப்புப் பிரிவினர் இருக்கிறார்கள். 2009 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கடலோரக் காவற்படையிலும் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கும் தேசிய அமைப்பாக இலங்கை உயிர்காப்புச் சங்கம் இயங்குகிறது. இவர்களுக்கு வெளியே, ஹோட்டல்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆட்கள். கணக்கில் வராதவர்களாக அலைச்சறுக்குப் பழக்கும் உள்ளூர்ப் பெடியன்களும் மீனவர்களும். சீசன் நேரத்தில் அறுகம்பையில் யாராவது இழுபட்டால், பலகையோடு முதலில் போய்ச் சேருகிறவன் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு பெடியனாகத்தான் இருப்பான். அலைச்சறுக்குப் பலகை நல்ல மிதவை. தண்ணீரில் கிடப்பவனைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிடலாம்.

உயிர்காப்பாளர் என்றால் நீந்தத் தெரிந்த ஒருவர் என்று நினைக்க வேண்டாம். அவருடைய வேலையில் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே நடப்பது. காலையில் வந்து கடலைப் பார்த்து, அன்றைக்கு எந்த இடம் குளிக்க ஏற்றது என்று முடிவெடுத்து, கொடி நட்டு, அந்த எல்லைக்கு வெளியே போகிறவர்களை விசில் ஊதித் திருப்பி அழைப்பது. ஒருவரும் இழுபடாத நாள்தான் அவர் நன்றாக வேலை செய்த நாள். சிவப்பும் மஞ்சளும் பாதி பாதியாக உள்ள இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் காவல் இருக்கிறது, அங்கே மட்டும் குளிக்கலாம். முழுச் சிவப்பு ஆபத்து. இரண்டு சிவப்புக் கொடிகள் என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் போட்ட கொடி பலகைக்காரருக்கான பகுதியைக் காட்டுவது. அதற்குள் குளிக்கப் போனால் பலகை தலையில் அடிக்கும். இவை சர்வதேச ஒழுங்கு. பொண்டாயிலும் பிரைட்டனிலும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இதே அர்த்தம்தான்.

கொடியே இல்லாவிட்டால்? அப்போது கடற்கரை திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை. காவல் இல்லை என்று பொருள்.

இங்கேதான் எங்கள் கதைக்கும் கடற்கரையின் கதைக்கும் பொருத்தம் வராமல் போகிறது. உயிர்காப்பு சேவை சுற்றுலாவின் நாட்காட்டியைப் பார்க்கிறது. ஆள் கூடும் மாதம், ஆள் கூடும் முனை, காசு புழங்கும் கரை. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இருக்கிற ஆட்களைக் கூட்டம் உள்ள இடத்தில்தான் வைக்க முடியும். எங்கள் நாட்காட்டி வேறு. தோட்டத்தில் பேர் போடாமல் நாலு பேர் சேர்ந்து போகக்கூடிய நாட்கள் தீபாவளியை ஒட்டியும், டிசம்பரில் பாடசாலை மூடிய பிறகும், பொங்கலுக்குமே கிடைக்கின்றன. அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் சீசன் முடிந்திருக்கும். ஒக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும். டிசம்பரில் இருந்து வடகீழ்ப் பருவக்காற்று நேரே கரையில் வந்து மோதும். அலைச்சறுக்குக்காரர் எல்லோரும் வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும் போய்விட்ட பிறகு, கடைகள் பாதி பூட்டியிருக்கும்போது, ஒழுங்கே இல்லாத கலங்கல் கடலில் இறங்குகிறவர்கள் நாங்கள். ஒரு டிசம்பரில் கிழக்கில் ஒரு கரையில் (பெயர் வேண்டாம்) மூன்று பஸ் சனம் தண்ணீரில் நின்றது. கொடியும் இல்லை, விசிலும் இல்லை. எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. அதில் தமிழ் எழுத்து மட்டும் வெயிலில் உதிர்ந்து போயிருந்தது.

அதே மாதங்களில் இன்னோர் ஆபத்தும் கூடும். கிழக்கில் களப்புகள் மழைத் தண்ணீரால் நிரம்பும்போது, வயலும் வீடும் மூழ்காமல் இருக்க முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள். தேங்கி நின்ற தண்ணீர் முழுவதும் அந்த வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் பாயும். மற்றக் காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் பிள்ளைகள் விளையாடும் இடம், அந்த நாட்களில் ஆளை அடித்துக்கொண்டு போகும். அறுகம்பையிலும் களப்பு உண்டு, பொத்துவிலிலும் உண்டு. கலங்கல் தண்ணீர் கடலுக்குள் ஒரு நாக்குப்போல நீண்டு தெரிந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

டிசம்பரில் கடல் பார்த்தே ஆகவேண்டும் என்றால் தென்கரைக்குப் போகலாம். அங்கே அப்போதுதான் அமைதி. கிழக்குக்கென்றால் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நல்லது. சின்னப் பிள்ளைகள் உள்ள பஸ்ஸுக்கு அறுகம்பையைவிடப் பாசிக்குடா பொருத்தம். பவளப்பாறை அலையைத் தடுப்பதால் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. பசறையில் இருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு நேர்ப்பாதை இருக்கிறது. யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் காரைநகர்க் கசூரினாவும் அப்படித்தான். முல்லைத்தீவு அப்படி இல்லை; அது திறந்த கடல். கதிர்காமம் போய்விட்டு வரும் வழியில் கிரிந்தையில் நிறுத்திப் பிள்ளைகளைக் கடலில் இறக்குகிற பழக்கம் ஒன்று ஊவாவில் இருக்கிறது. பாறையில் ஏறி நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கடல் அது.

கடல் ஆளை இழுக்கிறது என்று சொல்கிறோமே, அது எப்படி என்று விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். அலை ஒவ்வொன்றும் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போகவேண்டும். மணல் திட்டுக்கு நடுவில் எங்கே பள்ளமோ, பாறைக்குப் பக்கத்தில் எங்கே இடைவெளியோ, அந்த வழியாக எல்லாத் தண்ணீரும் சேர்ந்து ஓடும். எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் மலைத் தண்ணீர் முழுவதும் ஒரு கானுக்குள் இறங்கிப் பாய்வது போலத்தான். ரிப் கரண்ட் என்பது இதுவே. இழுவை நீரோட்டம் என்று சொல்லலாம். வழமையாக விநாடிக்கு அரை மீற்றர் வேகம், சில நேரம் 2 மீற்றருக்கு மேலும் போகும். அந்த வேகத்தை எதிர்த்து நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் கரைக்கு வர முடியாது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஆழம் கூட என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை அடிக்கும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் கருமையாக, சமமாக, சாதுவாகத் தெரியும். கடல் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பது அந்தச் சாதுவான இடத்தில்தான். பஸ்ஸால் இறங்கியதும் ஐந்து நிமிடம் மேட்டில் நின்று கடலைப் பாருங்கள். நுரையும் குப்பையும் கடலை நோக்கிப் போகும் கோடு தெரிந்தால் அதை எல்லோருக்கும் கை நீட்டிக் காட்டுங்கள்.

அகப்பட்டால் செய்ய வேண்டியது மனதுக்கு ஒவ்வாதது. கரையைப் பார்த்து நீந்தக்கூடாது. இழுவை ஆளைக் கீழே அமிழ்த்தாது; வெளியே கொண்டுபோகும், கொஞ்ச தூரத்தில் பலம் இழந்துவிடும். எதிர்த்து நீந்திக் களைத்துப் போனவர்தான் மூழ்குகிறார். மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானப்படுத்தி, ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த முடிந்தவர் கரைக்குச் சமாந்தரமாக, அலை உடையும் வெள்ளைப் பக்கத்துக்கு நீந்தி, அந்த அலையோடு கரைக்கு வரலாம். மிதக்கத் தெரியாதவருக்கு இந்த அறிவுரையால் பயன் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் முழங்காலுக்கு மேல் போகாமல் இருப்பதுதான் அவருக்கான பாதுகாப்பு.

2016 ஆகஸ்ட் 24 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையில் கேம்பர் சான்ட்ஸ் என்ற கடற்கரையில் ஐந்து தமிழ் இளைஞர்கள் இறந்தார்கள். ஐவரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். லண்டன் பக்கமிருந்து கோடை வெயிலுக்குக் கடல் பார்க்க வந்தவர்கள். போரில் இருந்து தப்பிப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கு அந்தச் செய்தி என்னவாக இருந்திருக்கும் என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது அலை கூடிய கடற்கரைகூட இல்லை. பரந்த மணல், வெகுதூரம் வற்றிப்போகும் தண்ணீர், நடுவில் மணல் திட்டுகள். வற்று நேரத்தில் திட்டு வரைக்கும் நடந்து போகலாம். ஏற்றம் தொடங்கும்போது தண்ணீர் முன்னால் இருந்து மட்டும் வராது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளங்களையும் நிரப்பிவிடும். இலங்கையில் கடல் ஏற்றமும் வற்றும் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நம் ஆட்களுக்கு இந்த ஆபத்து பரம்பரையாகவும் தெரியாது.

அன்றைக்கு அந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். உயிர்காப்பாளர் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அதே இடத்தில் இரண்டு இளைஞர்கள் இறந்திருந்தார்கள். ஐவர் இறந்த பிறகே, 1824 இல் இருந்து இயங்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். மரண விசாரணை விபத்து மரணம் என்று முடிந்தது.

இதோடு 1938 பெப்ரவரி 6 ஆம் திகதியை வைத்துப் பார்க்கிறேன். சிட்னி பொண்டாய் கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் திரும்பியபோது ஏறத்தாழ 250 பேரை ஒரேயடியாக வெளியே இழுத்துப் போயின. அங்கே 1907 இல் இருந்து உயிர்காப்புக் கழகம் இருந்தது. அன்றைக்குப் பல பத்து உயிர்காப்பாளர்கள் கரையில் நின்றார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு கடலும் வேறு, காலமும் வேறு, ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் 250 இல் ஐந்து என்பதும், போன ஐவரும் என்பதும் ஒரே கணக்கு இல்லையே.

கடல்காரருக்கு நடப்பது மலையில் தலைகீழாக நடக்கிறது. 2023 மார்ச்சில் வெல்லவாய எல்லாவல நீர்வீழ்ச்சியில் மூழ்கி இறந்த நான்கு இளைஞர்கள் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தவர்கள். கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். எங்கள் ஊவாவில் துன்ஹிந்த, தியலும, இராவணன் நீர்வீழ்ச்சி என்று பஸ் நிற்காத அருவி இல்லை. அருவிக்கு அடியில் உள்ள குழியின் ஆழத்தை மேலே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பாசி பிடித்த பாறையில் கால் நிற்காது. மலைக்கு மேலே எங்கோ பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வெள்ளமாக வரும். எந்தத் தண்ணீரில் வளர்ந்தோமோ அது மட்டும்தான் நமக்குத் தெரிந்த தண்ணீர். பீலியில் குளித்து வளர்ந்தவனுக்குக் கடலும், கடலில் குளித்து வளர்ந்தவனுக்கு அருவியும் அந்நியம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் ஆண்களைவிடப் பெண்கள் ஏன் அதிகமாக இறந்தார்கள் என்று ஒக்ஸ்பாம் 2005 இல் வெளியிட்ட குறிப்பு கேட்டது. இலங்கையில் நீந்துவதும் மரமேறுவதும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கப்பட்டது என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எங்கள் பயணங்களில் இன்றைக்கும் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும்தான் இறங்குகிறார்கள். நனைந்த துணி காலைச் சுற்றினால் எழும்ப முடியாது. உடுப்பைப் பற்றிக் கதைத்தால் சண்டை வரும் என்பது தெரியும். ஆனாலும் நீளக் காற்சட்டையும் இறுக்கமான மேற்சட்டையும் போடுவதில் யாருக்கும் மானக்கேடு இல்லை. அதே அறுகம்பையில் 2018 இல் உள்ளூர்ப் பெண்கள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். ஊரில் எத்தனை வாய்க்குப் பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நீச்சல் தடாகம் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால் நீச்சல் நமக்கில்லை என்று விட்டுவிட முடியாது. பங்களாதேஷில் கிராமக் குளங்களில் மூங்கில் தட்டி கட்டி, அதற்குள் சின்னப் பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் பழக்கும் திட்டம் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் இதைத்தான்: ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், தான் மூழ்காமல் மற்றவரைக் காப்பாற்றும் முறையும். 2021 இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. வருடந்தோறும் ஜூலை 25 ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐ.நா. அறிவித்ததும் அதே வருடத்தில்தான்.

தான் மூழ்காமல் காப்பாற்றுவது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். ஒருவன் மூழ்கும்போது அண்ணன் குதிக்கிறான், அண்ணனைப் பிடிக்க நண்பன் குதிக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதை அமுக்கி மேலே வரப் பார்ப்பார். அது அவருடைய குற்றம் இல்லை, உடம்பின் இயல்பு. எனவே முதலில் எறியுங்கள். மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கான், காற்றடைத்த டியூப், கயிறு, பெரிய பிளாஸ்டிக் போத்தல். எங்கள் பஸ்ஸில் இப்போது சமையல் சாமானோடு ஒரு லொறி டியூபும் 20 மீற்றர் கயிறும் ஏறுகின்றன. மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கத்தவும் மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, ஏணி ஏறுவது போலக் கைகளை அடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே குளிப்பவர்களைப் பார்ப்பதற்கென்றே இரண்டு பேர் கரையில் நிற்க வேண்டும், முறை மாற்றி, போனைப் பையில் போட்டுவிட்டு. சாராயம் குடித்தவரைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்பதைப் பஸ் கிளம்புவதற்கு முன்னரே சொல்லிவிடுகிறோம். இதனால் எங்களோடு வராமல் வேறு பஸ் பேசிக்கொண்டவர்களும் உண்டு. போகட்டும்.

கரைக்குக் கொண்டுவந்த ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைக் கொல்லும் வேலைகள். வயிற்றில் இருந்து வருவது சுவாசப்பைக்குள் போய் ஆளை முடித்துவிடவும் கூடும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, உடம்பைச் சூடாக வைத்திருங்கள். மூச்சு இல்லாவிட்டால் மல்லாத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் 30 தடவை வேகமாக, ஆழமாக அமுக்குங்கள், இரண்டு தடவை ஊதுங்கள், திரும்ப 30. உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். மூழ்கியவருக்குக் குறைந்தது மூச்சு என்பதால் ஊதுவதுதான் முதல் மருந்து.

ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1990 க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பொலிஸுக்கு 119. இடத்தைச் சொல்லும்போது கடற்கரையின் பெயரோடு பக்கத்தில் தெரியும் ஹோட்டல் பெயரையும் சொல்லுங்கள். அறுகம்பையில் ஒவ்வொரு முனைக்கும் வேறு வேறு பாதை. எழும்பி உட்கார்ந்து ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போவோம் என்று சொல்கிறவரையும் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். சுவாசப்பைக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சு முட்டத் தொடங்கலாம். அந்த நேரம் பஸ் லாகுகலைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். அறுகம்பைக்குக் கிட்ட இருப்பது பொத்துவில் ஆதார வைத்தியசாலை. முதலில் அங்கே காட்டிவிட்டு, டொக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு மலை ஏறுங்கள்.